அப்பா கவிழ்த்துப் பார்த்த கிண்ணம்

விருத்தாசலம் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. மாலை ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் போனால், கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிடும். சோயா சாஸும் பூண்டும் சூடான கடாயில் விழும் வாசனை. தள்ளுவண்டிக்கு மேலே சிவப்பு போர்டு. 'ஒரிஜினல் சைனீஸ் ஃபாஸ்ட் ஃபுட்' என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருக்கும்.

கடைக்காரருக்கு வயது 34. எட்டு வருடமாக அதே இடம். ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், சில்லி சிக்கன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சூப். தினமும் ஏழு மணிக்கு மேல் ஒரு பெரியவர் வந்து, கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார். வெங்காயத்தாள் ஆய்ந்து கொடுப்பார். முட்டைக்கோஸ் நறுக்கிக் கொடுப்பார். கணக்குப் பார்ப்பார். ஆனால், கடையில் ஒரு வாய்கூட சாப்பிட மாட்டார். அவர் கடைக்காரரின் அப்பா.

"சீனாக்காரன் சோறு நமக்கு எதுக்கு? வீட்டுல ரசம் இருக்கு" என்பார். எட்டு வருடமாக அதே பதில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பெரியவர் வாழ்க்கையில் 38 வருடம் தொட்டுப் புழங்கிய பொருளே சீனாவின் பெயரோடு வந்ததுதான். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அச்சு வார்ப்பவராக வேலை பார்த்தவர் அவர்.

களிமண்ணுக்குள் ஒரு சீனா

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயில் ஞாபகம் வரும். ரயிலில் போகிறவர்களுக்கு ஜங்ஷன் ஞாபகம் வரும். உள்ளூரில் பாதிக் குடும்பங்களுக்குப் பீங்கான்தான் ஞாபகம் வரும். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது, மேல் அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மண்ணை நம்பித்தான் இங்கே சூளைகள் எழும்பின. கோப்பை, தட்டு, ஜாடி, கொலு பொம்மை, அகல் விளக்கு, வீட்டு மின்சார மீட்டர் பக்கத்தில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டை எல்லாம் இந்த ஊரிலிருந்து போனவை. செராமிக் படிப்புக்கென்றே அரசுக் கல்வி நிலையமும் இங்கே இருக்கிறது.

அந்த வெள்ளை மண்ணுக்கு ஆங்கிலத்தில் 'சைனா கிளே' என்று பெயர். புத்தகப் பெயர் கயோலின். சீனாவில் ஜியாங்சி மாகாணத்தில், ஜிங்டெஜென் என்ற பீங்கான் நகரத்துக்குப் பக்கத்தில் காவோலிங் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான் கயோலின். 1712-ல் அங்கே இருந்த தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், பீங்கான் செய்யும் முறையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். அதுவரை ஐரோப்பியர்களுக்கு அந்த ரகசியம் பெரிய புதிர். ஜெர்மனியின் மெய்சனில் 1710-ல்தான் முதல் தொழிற்சாலையே தொடங்கியிருந்தது.

தமிழ் வீட்டுக்குள்ளும் சீனா புகுந்து ரொம்ப நாளாகிறது. வாணலிக்குச் சில ஊர்களில் சீனச்சட்டி என்றே பெயர். படிகாரத்துக்குச் சீனாக்காரம். காபிக்குப் போடுவது சீனி. பெரியவருக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் ஃப்ரைடு ரைஸ் மட்டும் அவருக்கு ஆகாது.

காரணம் சோறு இல்லை. மகன்.

பத்தாவது முடித்த மகனைச் செராமிக் டிப்ளமோவில் சேர்த்துவிட்டவர் அவர்தான். 'நான் மண்ணு மிதிச்சேன், நீ மேஜையில உக்காந்து வேலை பாரு' என்பது அவருடைய கனவு. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 19 வயதில் மகன் சென்னைக்குப் போனார். ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடையில் வெங்காயம் உரித்துத் தொடங்கி, ஆறு வருடத்தில் மாஸ்டர் ஆனார். முதல் இரண்டு வருடம் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பு, அப்பா வேலை பார்த்த யூனிட்டில் சூளை அணைந்தது. அடுத்த வருடம் மகன் ஊருக்கு வந்து கடை போட்டார். 'சீட்டுப் பணம் எடுத்தேன்' என்று சொல்லி, முதலுக்கு அம்மா பணம் கொடுத்தார். அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கடைக்குப் பின்னால் உட்கார்ந்தார். அதன் பிறகும் இருவருக்கும் இடையில் பேச்சு என்பது 'கேஸ் தீரப்போவுது', 'முட்டை எத்தனை அட்டை?' அளவில்தான் இருந்தது.

"இது சைனீஸே இல்லண்ணே!"

போன வருடம் ஒரு நாள். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்த ஒரு தம்பி, ஒரு பிளேட் செஸ்வான் நூடுல்ஸ் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, போர்டை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"டேஸ்ட்டு சூப்பர்ணே. ஆனா, இது சைனீஸே இல்லண்ணே! ஒரிஜினல்னு மட்டும் போடாதீங்க."

கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது. அன்று ராத்திரி கடை கட்டிய பிறகு, மகன் போனில் தேட ஆரம்பித்தார். தேடத் தேட வீடியோக்கள் வந்துகொண்டே இருந்தன. அதில் பாதி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வீடியோக்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு என்று ஒரு பகுதி. மான்டரே பார்க், ஆல்ஹாம்ப்ரா, ஆர்கேடியா, ரோலண்ட் ஹைட்ஸ் என்று வரிசையாகச் சிற்றூர்கள். தெரு நெடுக சீன எழுத்துப் பலகைகள். ஒரு கடையில் சிச்சுவான் சமையல், அடுத்த கடையில் கான்டன் சமையல், எதிரில் தைவான். அங்கே டேவிட் சான் என்று ஒரு வழக்கறிஞர். சாப்பிட்ட சீன உணவகங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். எண்ணிக்கை 7,000-ஐத் தாண்டிவிட்டது. அவருக்குக் குச்சி பிடித்துச் சாப்பிடத் தெரியாது என்பதுதான் இதில் தமாஷ்.

அந்தக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் கதை தமாஷ் இல்லை. சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று 1882-ல் அமெரிக்கா சட்டம் போட்டது. 1943-ல்தான் அது நீங்கியது. 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகுதான் கதவு அகலமாகத் திறந்தது. அதற்கு முன்பு அங்கே இருந்தவர்கள், அமெரிக்க நாக்குக்கு ஏற்றபடி சமைத்துப் பிழைத்தார்கள். 'சாப் சூயி' அப்படிப் பிரபலமானதுதான். சொந்த ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்து சேர்ந்த பிறகுதான் சொந்த ஊர்ச் சமையல் கடைக்கு வந்தது.

அந்த வீடியோக்களைப் பார்த்து மகனுக்கு ஒன்று புரிந்தது. 'ஒரிஜினல்' சாப்பாடு வேண்டுமென்றால், அதைத் தினமும் வீட்டில் சாப்பிடுகிற மனிதர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் போக வழியில்லை. இந்தியாவில் அப்படி ஓர் ஊர் இருக்கிறதா?

இருக்கிறது. கொல்கத்தா.

பள்ளித் தோழன் ஒருவர் அங்கேதான் ரயில்வேயில் வேலை பார்க்கிறார். தமிழர்கள் அதிகம் வசிக்கும் லேக் மார்க்கெட் பக்கம் வீடு. "வாடா மச்சான், ஒரு வாரம் தங்கு" என்றார். மகன் டிக்கெட் போடப் போனபோது, என்ன தோன்றியதோ, பின்னால் திரும்பிக் கேட்டார். "நீயும் வாப்பா."

"நான் எதுக்கு?"

அம்மா குறுக்கே வந்தார். அவருக்கு முட்டி வலி, ரயில் ஏற முடியாது. "போய்ட்டு வாய்யா. அங்க ஓடுறதும் கங்கைதானாம். ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்தா போதும். ஆயுசுக்கும் விருத்தகாசியிலயே இருந்துட்டோம், காசியைப் பாக்கல."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார். "அங்க சீனாக்காரங்க நெசமாவே இருக்காங்களா? அப்ப நல்ல பீங்கான் இருக்கும்."

சூப்பு அண்டா முன்னால்

சென்னையிலிருந்து ஹவுரா மெயில். சுமார் 1,660 கிலோமீட்டர். ஓர் இரவும் ஒரு பகலும் தாண்டிப் போய் இறங்கினார்கள். வழியில் பேசியது கொஞ்சம்தான். கோதாவரிப் பாலத்தில் அப்பா எழுந்து நின்று தண்ணீரைப் பார்த்தார். "எம்மாம் பெரிய ஆறு" என்றார். மகன் "ம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு மஞ்சள் டாக்சி பிடித்து, தோழன் அவர்களை டிரெட்டா பஜாருக்குக் கூட்டிப் போனார். டிரெட்டா என்பது சீனப் பெயர் இல்லை. எடுவார்டோ டிரெட்டா என்ற வெனிஸ்காரர் 18-ம் நூற்றாண்டில் அங்கே சந்தை வைத்திருந்தார். பக்கத்துத் தெருவுக்கு சன் யாட் சென் பெயர். சுற்றிலும் பழைய சீனக் கோயில்கள். அவற்றை உள்ளூரில் 'சர்ச்' என்கிறார்கள்.

அங்கே ஹோட்டல் என்று எதுவும் கண்ணில் படவில்லை. நடைபாதை ஓரம் பெஞ்சு, குடை, அலுமினியப் பாத்திரம். வீட்டில் செய்து எடுத்து வந்த பலகாரங்கள். ஆவியில் வெந்த வெள்ளை பன், கொழுக்கட்டை மாதிரி மோமோ, சுய் மாய், பெரிய அண்டாவில் மீன் உருண்டை சூப். எட்டு, எட்டரை மணிக்குள் எல்லாம் தீர்ந்து மூட்டை கட்டிவிடுவார்கள்.

சூப் அண்டாவுக்குப் பின்னால் ஒரு வயதான சீன அம்மா. நரைத்த முடி, பூப்போட்ட ஏப்ரன். வாடிக்கையாளர்களிடம் சரளமாக வங்காளி பேசிக்கொண்டிருந்தார்.

மகன் முதல் வாய் சூப்பை உறிஞ்சினார். முகம் மாறியது. காரம் இல்லை. சோயா இல்லை. சோள மாவுக் கெட்டி இல்லை. தெளிந்த தண்ணீர், மீன் வாசனை, கொஞ்சம் இஞ்சி, வெங்காயத்தாள். பதினைந்து வருடமாகச் 'சைனீஸ்' சமைத்த நாக்குக்கு இதில் எதுவும் பிடிபடவில்லை.

அப்பா கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் குடித்தார். காலி செய்துவிட்டு, மகனைப் பார்க்காமலே சொன்னார். "காய்ச்சல்ல கெடந்தா எங்கம்மா வெப்பாங்க, மொளகு போடாத ரசம். அது மாதிரி இருக்குடா."

எட்டு வருடத்தில் அவர் வாயில் போட்ட முதல் சீனச் சாப்பாடு அது. பிறகு பழக்க தோஷத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். விரலால் சுண்டினார். நல்ல பீங்கான் என்றால் மணி மாதிரி 'டிங்' என்று கேட்கும். இது 'டொக்' என்றது.

"மெலமைன்" என்றார் ஏமாற்றத்தோடு. "பிளாஸ்டிக்குடா."

சீன அம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். தோழன் வங்காளியில் விளக்கினார். இவர் கிண்ணம் செய்கிறவர், ஆயுசு முழுக்க அதே வேலை. அந்த அம்மா தலையாட்டிவிட்டு ஏதோ சொன்னார். தோழன் தமிழாக்கினார். "பீங்கான் வீட்டுல இருக்காம். இங்க கொண்டாந்தா ஒடைஞ்சிடுமாம். ஒடைஞ்சா திரும்ப வாங்கறதுக்கு ஆள் இல்லையாம், புள்ளைங்க ரெண்டு பேரும் கனடாவுலயாம்."

"அப்ப இவங்களுக்கு அப்புறம் இந்த சூப்பை யார் போடுவாங்க?" என்று அப்பா கேட்டார்.

அந்த அம்மா கரண்டியை ஆட்டிக் காட்டினார். தெரியாது என்ற அர்த்தம். பக்கத்துப் பெஞ்சில் மோமோ விற்றுக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையனைக் காட்டினார். இவன் போடலாம் என்ற அர்த்தமும் இருக்கலாம்.

அந்த வீடுகள் காலியானதற்கு வயது மட்டும் காரணம் இல்லை. 1962-ல் இந்தியா - சீனா போர் வந்தபோது, இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை, குழந்தை குட்டிகளோடு பிடித்து, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் வெளியே வர வருடக்கணக்கில் ஆனது. திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் கடையும் கையில் இல்லை. அதற்குப் பிறகு கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பியவர்கள் ஏராளம். இன்று கொல்கத்தாவில் மிச்சம் இருப்பது சில ஆயிரம் பேர்தான்.

தோழன் இதைச் சொல்லி முடித்தபோது, அப்பா சீன அம்மாவிடம் இன்னொரு சூப் கேட்டார். குடிக்க வயிற்றில் இடம் இருந்ததா என்று தெரியவில்லை.

தோல் தொட்டி இருந்த இடத்தில்

அன்று ராத்திரி டாங்ராவுக்குப் போனார்கள். கொல்கத்தாவின் கிழக்கு ஓரம். ஹக்கா சீனர்கள் தோல் பதனிட்ட இடம். நம் ஊர் மெனுவில் 'ஹக்கா நூடுல்ஸ்' என்று படிக்கிறோமே, அது இந்த மக்களின் பெயர்தான். நூற்றுக்கணக்கான தோல் பதனிடும் தொழிற்சாலைகள் இங்கே இருந்தன. மாசு காரணமாக நகரத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. தொழில் பான்தலாவுக்கு நகர்ந்தது. எல்லோராலும் போக முடியவில்லை. பல குடும்பங்கள் அதே இடத்தில் அடுப்பை மூட்டி உணவகம் வைத்தன. இங்கே ஒரு சீனக் காளி கோயிலும் இருக்கிறது. பிரசாதமாக நூடுல்ஸ் கொடுப்பது உண்டு.

மேஜையில் சில்லி சிக்கன் வந்தது. மகன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். பச்சை மிளகாய், பூண்டு, சோயா, சோள மாவு. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் விருத்தாசலம் பேருந்து நிலையம்!

அவருக்குச் சந்தோஷப்படுவதா, குழம்புவதா என்று தெரியவில்லை. காலையில் குடித்தது ஒரிஜினல் என்றால், இது என்ன? சமையல் செய்தவர் மேஜைக்கு வந்தபோது, தோழன் மூலமாக அதையே கேட்டார். ஐம்பது வயது இருக்கும், மூன்றாம் தலைமுறை, பிறந்தது இதே தெருவில். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு இந்தியில் பதில் சொன்னார். "எங்க தாத்தா சீனாவுல இதைச் சாப்பிட்டிருக்க மாட்டார். நான் பொறந்ததுலேர்ந்து இதைத்தான் சாப்பிடறேன். நான் சீனாக்காரன் இல்லையா?"

மஞ்சூரியன் கதையும் அப்படித்தான். சீனாவின் மஞ்சூரியாவில் அப்படி ஒரு பதார்த்தம் கிடையாது. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975-ல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமையல்காரராக இருந்தபோது, புதிதாக ஏதாவது செய்யச் சொல்லிக் கேட்டார்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று நம் ஊர்த் தாளிப்போடு ஆரம்பித்தவர், கரம் மசாலாவுக்குப் பதிலாக சோயா சாஸை ஊற்றினார். கோழி போய்க் காலிஃப்ளவர் வந்தது அதற்குப் பிறகு. 'செஸ்வான்' என்று நாம் எழுதுவது சிச்சுவான் மாகாணத்தைத்தான். அங்கே நாக்கை மரத்துப்போக வைக்கும் ஒரு வகை மிளகு போடுவார்கள். நம் சிவப்பு சாஸில் அது இருப்பதில்லை. காய்ந்த மிளகாயும் பூண்டும்தான் இருக்கும்.

மகன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமான கூரை, தடித்த சுவர். தொழிற்சாலைக்காகக் கட்டிய கட்டடம் என்பது தொழிற்சாலையில் இருந்தவருக்குத் தெரிந்தது.

"தோல் தொட்டி எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

சமையல்காரர் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். அவர்கள் உட்கார்ந்திருந்த மேஜைக்குக் கீழேயே.

அப்பா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு முட்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, கையாலேயே ஒரு சில்லி சிக்கன் துண்டை எடுத்தார். மென்றார். இன்னொன்று எடுத்தார்.

"நல்லா இருக்குல்ல?" என்று மகன் கேட்டார்.

"நீ போடறதுல உப்பு ஒரு கல்லு கம்மியா இருக்கும். அதான் சரி."

மகனுக்குப் புரை ஏறியது. "நீ எப்பப்பா நான் போட்டதைச் சாப்பிட்ட?"

அப்பா பதில் சொல்லாமல் தண்ணீரை நகர்த்திக் கொடுத்தார். எட்டு வருடமாகக் கடை கட்டிய பிறகு, கடாயின் ஓரத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கழுவப் போட்டிருக்கிறார். அது மகனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மண்ணுக்கு ஒரு சாமி

மூன்றாம் நாள் ஆச்சிப்பூர். கொல்கத்தாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஜ்பஜ் தாண்டி ஹூக்ளிக் கரையில் ஒரு சின்ன ஊர். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் டோங் அச்சு என்ற சீன வணிகருக்கு, வாரன் ஹேஸ்டிங்ஸ் இங்கே நிலம் கொடுத்தார். அவர் கரும்பு போட்டு, சர்க்கரை ஆலை வைத்தார். சீனாவிலிருந்து ஆட்களை அழைத்து வந்தார். அவர் பெயர்தான் ஊர்ப்பெயரானது. ஆற்றங்கரையில் குதிரை லாட வடிவத்தில், சிவப்பு வண்ணம் பூசிய அவருடைய சமாதி இருக்கிறது. சீனப் புத்தாண்டுக்குக் கொல்கத்தா சீனர்கள் இங்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

பக்கத்தில் ஒரு சின்னக் கோயில். பூமித் தெய்வமும் அவர் மனைவியும். தோழன் அதைச் சொன்னதும் அப்பா செருப்பைக் கழற்றினார்.

"மண்ணுக்குச் சாமியா? அப்ப நமக்கும் சாமிதான்" என்று சொல்லிக் கும்பிட்டார்.

ஆற்றில் இறங்கிச் சொம்பில் தண்ணீர் பிடித்தார்கள். படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது, மகன் கேட்க நினைத்துப் பல வருடம் கேட்காமல் விட்டதைக் கேட்டார்.

"நான் படிப்பை விட்டதுக்கு இன்னும் கோவமாப்பா?"

ஆற்றைப் பார்த்தபடியே அப்பா சொன்னார். "உன் மேல என்னாத்துக்குக் கோவம்? அணையப்போற சூளைக்கு உன்னை அனுப்புனேனே, அந்தக் கோவம். நீ தப்பிச்சிட்ட. எனக்கு அதைச் சொல்ல வாய் வரல."

கொஞ்சம் இடைவெளி விட்டு, "உங்கம்மாகிட்ட ஏதுடா சீட்டு? என் செட்டில்மென்ட் காசுதான் அது. நான் குடுத்தா நீ வாங்க மாட்டன்னு அவகிட்ட குடுத்தேன்" என்றார்.

மகன் ஒன்றும் பேசவில்லை. சொம்பின் மூடி சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை திருகிப் பார்த்தார்.

திரும்பும் வழியில் டீ குடித்தார்கள். கொல்கத்தாவில் மண் குவளையில் டீ கொடுப்பார்கள். குடித்துவிட்டுக் கீழே போட்டு உடைப்பதுதான் வழக்கம். கடைவாசலில் சிவப்புச் சில்லுகள் குவிந்து கிடந்தன. மகன் குடித்துவிட்டுக் குவளையைப் போட்டார். தோழனும் போட்டார். அப்பா குவளையைக் கவிழ்த்துப் பார்த்தார், துடைத்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒருத்தன் ஒக்காந்து சுத்துன குவளைடா. ஒரு டீக்கு ஒடைக்கணுமா?"

போர்டு மாறியது

ஊருக்கு வந்த மறுநாள், அப்பா பரணில் ஏறினார். வைக்கோல் வைத்துக் கட்டிய ஒரு மரப்பெட்டி. உள்ளே 24 வெள்ளைக் கிண்ணங்கள். கிளேஸில் ஊசித்துளை விழுந்தது, விளிம்பு லேசாக வளைந்தது என்று கழித்துக் கட்டியவை. யூனிட் மூடியபோது தொழிலாளர்களுக்குக் கொடுத்தார்கள். ஒன்பது வருடமாக யாரும் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழுவி, ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்தார். 24-ல் இரண்டு மட்டும் விரிசல். மற்றதெல்லாம் 'டிங்.'

இப்போது ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால் இரண்டு சூப் கிடைக்கும். ஒன்று எப்போதும் போல, சோயாவும் மிளகும் போட்டுக் கெட்டியாக. இன்னொன்று தெளிந்த மீன் சூப். கடலூர் முதுநகரிலிருந்து வரும் மீனில் மகன் உருண்டை பிடிக்கிறார். முதல் வாரம் நான்கு பேர்தான் வாங்கினார்கள், அதில் இரண்டு பேர் மிளகாய் சாஸ் கேட்டு ஊற்றிக்கொண்டார்கள். மகன் தடுக்கவில்லை. சிங்கப்பூர்த் தம்பி அடுத்த லீவில் வந்து குடித்தால் என்ன சொல்வார் என்று அவருக்கு ஒரு ஆவல் மட்டும் இருக்கிறது.

போர்டில் 'ஒரிஜினல்' என்ற சொல்லின் மேல் சிவப்புப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. அந்த இடத்தில் 'விருத்தாசலம்' என்று எழுதச் சொன்னது அப்பாதான். எழுத்து கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது. நான்கு எழுத்துக்கு மேலே பத்தடி தள்ளி நின்றால் படிக்க முடியாது என்று அம்மாவுக்குக் குறை.

இரண்டு கிண்ணங்களுக்கும் இப்போது அப்பாதான் பொறுப்பு. பின்னால் இருந்த நாற்காலி முன்பக்கம் வந்துவிட்டது. போன வாரம் ட்யூஷன் முடிந்து வந்த ஒரு பையன் சூப் வாங்கினான். கிண்ணத்தைத் தூக்கி, "தாத்தா, இது மேட் இன் சைனாவா?" என்று அடியைப் பார்க்கச் சாய்த்தான்.

"டேய், டேய், சூப்பு கொட்டிடும்!" என்று அப்பா எழுந்து வந்தார். "மொதல்ல குடி. அப்புறம் கவுத்துப் பாரு."